இடுப்பில் வைத்த ரசமட்டம்

என் இடுப்பு நழுவவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் ஜெகதளாவிலிருந்து அரவேணு வரைக்கும் எந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும், "மேஸ்திரி, இடுப்பு நழுவிப்போச்சாமா? இப்பத் தேவலைங்களா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நழுவுவதற்கு அது என்ன தோளில் போட்ட துண்டா? கேட்கிறவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்லி, நின்றதால் வலித்து, அந்த வலிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே தடவையாக எழுதிப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

நான் கட்டட மேஸ்திரி. மலையில் இந்தத் தொழில் செய்கிறவனுக்கு வீடு கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, தடுப்புச் சுவர் கட்டத் தெரிய வேண்டும். சரிவை வெட்டிச் சமன் செய்து வீடு வைத்தால், வெட்டிய மண்மேடு வீட்டின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அதைக் கருங்கல் சுவர் வைத்துத் தாங்க வேண்டும். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. கல்லை எடுத்து வைத்ததும் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பேன். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் காற்றுக் குமிழி நடுவில் நின்றால்தான் அடுத்த கல். என்னோடு இருபது வருஷமாக வேலை செய்யும் அந்தோணி, "மேஸ்திரி சோத்துத் தட்டுக்கும் மட்டம் பாத்துத்தான் கை வெப்பாருங்க" என்று என் காதுபடவே சொல்வான்.

போன ஆடி மழையில் என் வீட்டுக்குப் பின்னாலேயே மண் சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுப்படியின் பின்கதவை முட்டிக்கொண்டு சேறு நின்றது, அவ்வளவுதான். என் மனைவி கலாமணி அன்றைக்கே கேஸ் அடுப்பைத் தூக்கி முன்னறை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, சொல்லிப்போட்டேன். இந்த மேட்டுக்குச் செவுரு எழும்பற வரைக்கும் நான் அடுப்படிக்குள்ள கால் வெக்க மாட்டேன்."

"ஐப்பசி மழைக்குள்ள எழுப்பிப்போடறேன், பாரு" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மலைக்குத் தென்மேற்கு மழை பாதி, ஐப்பசி மழை பாதி. எங்கள் பக்கம் ஐப்பசியில்தான் பலமாக இறங்கும். அதற்குள் சுவர் எழும்பாவிட்டால், மிச்சமிருக்கும் மண்ணும் வந்து அடுப்படியை எடுத்துக்கொண்டு போய்விடும். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தபோது எனக்கு வலி வந்தது.

பெல்ட் கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வலது பக்கம், ஆள்காட்டி விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடம். முதலில் கல் தூக்கினால் வலித்தது. பிறகு பேண்ட் போட ஒற்றைக் காலில் நின்றால் வலித்தது. பிறகு படுக்கையில் புரண்டாலே, யாரோ உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டிய மாதிரி இருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு எண்ணெய் வைத்தியரிடம் போனேன். அவர் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில், "இடுப்பு நழுவிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, காலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் எல்லா வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கலாமணி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். காத்திருக்கும் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நின்றேன். உட்கார முடியவில்லை. "பாவம், எடம் குடுங்க" என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். "வேண்டாமுங்க, நிக்கறேன்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

டாக்டர் நிதானமான மனிதர். காலைத் தூக்கினார், முட்டியை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்தார், இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்தினார். பிறகு கேள்விகள் கேட்டார். எடை குறைந்திருக்கிறதா? சாயங்காலத்தில் காய்ச்சல் வருகிறதா? ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா? காலையில் இடுப்பு மரத்துப்போய் எழுந்திருக்க நேரமாகிறதா? இந்தக் கேள்விகள் போகிற திசை எனக்குப் பிடிக்கவில்லை. என் சித்தப்பா மகனுக்கும் இடுப்பு வலியில்தான் ஆரம்பித்தது. அவனுக்கு அது இடுப்பு வலியாக முடியவில்லை. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. கலாமணி சொன்னாள்.

ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கேனுக்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருந்தது. காரின் பின்சீட்டில் கலாமணியின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு மலை இறங்கினேன். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் படுத்ததில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிடுவானோ என்று ஒரு கூச்சம். அதை மறைக்க, "இந்த வளைவுல செவுரு விரிசல் விட்டிருக்கு பாரு" என்று படுத்தபடியே ஏதோ சொன்னேன். அவளுக்குத் தெரியும், நான் படுத்திருந்த இடத்திலிருந்து காரின் கூரைதான் தெரியும்.

ஸ்கேன் குழாய்க்குள் சத்தம் அதிகம். கலவை மிஷினுக்குள் ஜல்லியைக் கொட்டும்போது வருகிற சத்தம்தான். பழகிய சத்தம் என்பதால் பயப்படவில்லை. பயம் வெளியே வந்த பிறகு, ரிசல்ட் வரும்வரை காத்திருந்தபோது வந்தது. உள்ளபடி சொன்னால், நன்றாகவே பயந்தேன். கலாமணி ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக என் கையில் வைத்தாள். தின்றேனா, கீழே போட்டேனா என்று நினைவில்லை.

கேன்சர் இல்லை. எலும்பில் சீழ், டி.பி. ஒன்றும் இல்லை. வாத நோய்க்கான அறிகுறியும் ரத்தத்தில் இல்லை. டாக்டர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வர வர எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. இருந்தது என்னவென்றால், முதுகெலும்பின் அடிக்கட்டையும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில் அழற்சி. 'சேக்ரோ இலியாக்' என்று பேர். வலதும் இடதுமாக அப்படி இரண்டு மூட்டு எல்லோருக்கும் உண்டு. மேலிருந்து வருகிற பாரம் முழுக்க அந்த வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. தூண் வந்து பீமில் உட்காரும் இடம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பல வருஷமாக வலது காலை மேட்டிலும் இடது காலைப் பள்ளத்திலும் வைத்து நின்றபடி கல் தூக்கியதில், அந்த மூட்டைச் சுற்றியிருந்த தசைகள் ஒரு பக்கத்து வேலைக்கே பழகி, மற்ற வேலையை மறந்துவிட்டன.

"பெரிய வியாதி இல்லீங்க. ஆனா சின்ன வலியும் இல்ல" என்றார் டாக்டர். மூட்டுக்குள் ஒரு ஊசி. சில நாள் ஆஸ்பத்திரியில் தங்கல். பிறகு உடற்பயிற்சி.

அப்போதுதான் நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயைக் காட்டி, "சார், வலதுப் பக்கம் மேல நிக்குதுங்களே?"

"வலியில தசை இழுத்துப் பிடிச்சிருக்கு. வலி குறைஞ்சா தானா இறங்கிரும்."

தானாக இறங்கிய சுவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதுவும் நல்லதுக்கு இறங்கியதில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒருவர், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். பேச்சுத் துணைக்குக் குறைவில்லாத மனிதர். வலியைவிட அந்த வார்டில் எனக்குச் சங்கடமாக இருந்தது வேறொன்று. குனிந்து என் பாதத்தை என்னால் தொட முடியவில்லை. கலாமணிதான் தினமும் வெந்நீரில் துணியை நனைத்து விரலிடுக்கெல்லாம் துடைத்து, கம்பளிச் சாக்ஸ் மாட்டிவிடுவாள். முதல் நாள், "விடு, விடு" என்றேன். "ஏன், எட்டுதுங்களா? எட்டுச்சுன்னா நீங்களே போட்டுக்குங்க" என்று சாக்ஸை என் மார்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலை நீட்டிக் கொடுத்தேன்.

பிசியோதெரபிஸ்ட் பெயர் ஷெரின். கேரள எல்லையோரத் தேவர்சோலைக்காரப் பெண். தமிழும் மலையாளமும் ஒரே டம்ளரில் வரும். பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தாள். அடி இல்லாத ஒரு சட்டி மாதிரி இருந்தது.

"இது முன்னாடி கவிழும், பின்னாடி சாயும், சைடுலயும் ஏறி இறங்கும். நடக்கும்போது இது எல்லாம் மாறி மாறி நடக்கணும். உங்களுக்கு இப்ப இது ஒண்ணும் நடக்கல, கேட்டோ அங்கிள்? பிடிச்சு வெச்சிருக்கு."

பயிற்சி என்று அவள் கொடுத்ததைப் பார்த்து எனக்கு ஏமாற்றம். மல்லாந்து படுத்து, முட்டியை மடித்து, இடுப்பை மெதுவாக முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். பிறகு இடுப்பை மட்டும் மேலே தூக்கி இறக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துவிட்டு, "என்னாங்க மேஸ்திரி, படுத்துக்கிட்டே டான்ஸ் பழகுறீங்களா?" என்றார். அந்த வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பயிற்சியை ஷெரின் பார்க்கும்போது மட்டும் செய்தேன்.

ஊசி வேலை செய்தது. வலி பாதிக்குமேல் குறைந்து வீட்டுக்கு வந்தேன். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் படி இறங்க வேண்டும். இறங்கினேன். பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன். அதே முழங்கால் உயரம். மேட்டுமேல் போட்டிருந்த தார்ப்பாயில் பனி தேங்கியிருந்தது. கலாமணி முன்னறை மேஜையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகை படுக்கை வரைக்கும் வந்தது.

எக்ஸ்ரே என் மனதை விட்டுப் போகவில்லை. மட்டமில்லாத அஸ்திவாரத்தின்மேல் என்ன பயிற்சி செய்து என்ன பிரயோஜனம்? கலாமணி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வேலையில் இறங்கினேன். முதலில் அறையின் தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் லேசாக இறங்கியிருந்தது. நான் போட்ட தரைதான். ஒரு ப்ளைவுட் பலகையைப் போட்டு, கீழே சிலாக்கை, அதாவது மெல்லிய துண்டுகளை, வைத்துச் சமன்படுத்தினேன். அதன்மேல் ஏறி நின்றேன். இடுப்பின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகளில் படும்படி ஒரு நேரான ரீப்பர் கட்டையைக் குறுக்கே வைத்துத் துண்டால் கட்டினேன். ரீப்பர்மேல் ரசமட்டம். எதிரில் பீரோக் கண்ணாடி.

குமிழி வலது பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று கண்ணாடிக்குள் இருந்தவனிடம் சொன்னேன்.

பிறகு செய்ய வேண்டியது எந்த மேஸ்திரிக்கும் தெரியும். இறங்கின பக்கத்துக்குச் சிலாக்கை கொடுக்க வேண்டும். சன்மைக்கா துண்டுகளை ஒவ்வொன்றாக இடது காலுக்கு அடியில் சொருகிக்கொண்டே போனேன். குமிழி நகர்ந்து நகர்ந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, அளவாக அறுத்து, இடது ஷூவுக்குள் வைத்து மேலே அதன் அட்டையைப் போட்டு மூடிவிட்டேன். கலாமணியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரசமட்டத்தைத் தூக்கி ஒளித்திருப்பாள்.

அந்த ஷூவோடு மறுநாளே சுவருக்குப் போனேன். வலி இடது பக்கத்துக்கு மாறியது. அஸ்திவாரம் செட்டாகிறது என்று நினைத்துக்கொண்டேன். முதுகு இறுகியது. அதையும் அப்படியே நினைத்துக்கொண்டேன். சுவர் தொடை உயரம் வந்தது. இன்னும் ஒரு ஆள் உயரம் எழும்பினால் போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி, அந்தோணி கொடுத்த கல்லை வாங்கித் திரும்பினேன். அந்தத் திரும்பலிலேயே பூட்டிக்கொண்டது. கல் கீழே விழுந்தது. நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை. என்னால் நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. அந்தோணி ஓடிவந்து தாங்கிக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று கத்தியது மட்டும் கேட்டது.

வீட்டு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கயிற்றால் கட்டி, நான்கு பேராகப் படியேற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படிகளும் நான் கட்டியவைதான். ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். சாமி புறப்பாட்டைப் பார்ப்பதுபோல் வழிவிட்டு ஒதுங்கினார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். கலாமணி தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தலையோடு போர்த்தினாள். குளிருக்குத்தான் போர்த்துகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மறுபடி அதே வார்டு. அதே ஜன்னல். பக்கத்துக் கட்டிலில் அதே எஸ்டேட்காரர், அவரை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வலி கொஞ்சம் அடங்கிய பிறகு ஷெரின் என்னை நிற்கவைத்துப் பார்க்க வந்தாள். கலாமணி கட்டிலடியிலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்தாள். இடது ஷூவை வாங்கிய ஷெரின், அதையும் வலது ஷூவையும் இரண்டு கையிலும் பிடித்து எடை பார்த்தாள். உள்ளே விரலை விட்டாள். அட்டையைத் தூக்கி, என் சன்மைக்கா கட்டையை வெளியே எடுத்தாள்.

"இதெந்தா?"

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"மட்டம் எடுத்தேன்" என்றேன்.

எப்படி எடுத்தேன் என்று கேட்டாள். பலகை, ரீப்பர், துண்டு, கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு துடைத்துக்கொண்டு, கோபமாகவே பேசினாள்.

"அங்கிள், வலதுல வலி இருக்கு. அந்தப் பக்கத்துத் தசை பயந்துபோய் இடுப்பை மேல இழுத்துப் பிடிச்சிருக்கு. பயம் தெளிஞ்சா விடும். நீங்க இடதைத் தூக்கி வெச்சு, அதை விடவே கூடாதுன்னு பூட்டிட்டீங்க. வலி வந்ததால கோணல். கோணலால வலி இல்ல. டாக்டர் சொல்லாம யாராவது ஷூவுல கட்டை வெப்பாங்களா?"

"கோணலா இருந்தா எதுவும் நிக்காதும்மா" என்றேன். தொழில் தெரிந்தவன் என்ற தைரியம் இன்னும் மிச்சமிருந்தது.

"மனுஷங்க யாருக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மட்டம் இல்ல, கேட்டோ? எனக்கும் இல்ல. வேணும்னா உங்க குச்சியைக் கட்டிப் பாருங்க."

இந்த இடத்தில்தான் கலாமணி நுழைந்தாள். "ஏம்மா, இவரு கட்டற செவுரே நேரா நிக்காது. மேட்டுமேல சாஞ்சுதான் நிக்கும். கேளு, ஏன்னு."

"அது கணக்குப் போட்டுச் சாய்க்கறது" என்றேன். "மண்ணோட பாரத்துக்கு எதுத்தாப்புல சாஞ்சாத்தான் தாங்கும். நேரா நிறுத்துனா தள்ளிப்போடும்."

"உங்க ஒடம்பு மட்டும் கணக்குப் போடாமயா சாஞ்சிருக்கும்?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு அவள்மேல் கோபம் வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மறுநாள் ஷெரின் கேட்டதன்பேரில் கலாமணி என் சின்ன ரசமட்டத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். ஷெரின் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடிக்கச் சொல்லி, தொப்புளுக்குக் கீழே ரசமட்டத்தை நெடுக்குவாட்டில் வைத்தாள். முதுகைப் படுக்கையில் அழுத்தினால் குமிழி கால் பக்கம் போக வேண்டும். முதுகை லேசாக வளைத்தால் தலைப் பக்கம் வர வேண்டும். பழைய பயிற்சிதான்.

"நடுவுல நிறுத்தறதுக்கு இல்ல அங்கிள். இப்படியும் ஓடணும், அப்படியும் ஓடணும். ஓடாத குமிழிதான் ப்ராப்ளம்."

முப்பது வருஷமாகக் குமிழியை நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். அன்றைக்கு என் வயிற்றின்மேல் அது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு முக்கினாலும் நகரவில்லை. முக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது என்றாள். மூச்சை விட்டேன். குமிழி லேசாக நடுங்கியது. "ஆங், வருது, வருது!" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து சத்தம். இந்த முறை நான் யாரும் பார்க்காதபோதும் செய்தேன்.

அவள் மற்றதையும் சொல்லிக் கொடுத்தாள். கீழே இருப்பதை எடுக்கும்போது முதுகைச் சுருட்டாமல், பிட்டத்தைப் பின்னால் தள்ளி, தொடை மடிகிற இடத்தில் மடிய வேண்டும். நிற்பதற்கு இதுதான் சரியான நிலை என்று ஒன்றும் கிடையாது. எவ்வளவு நேராக நின்றாலும், அப்படியே நின்றுகொண்டிருந்தால் கெடுதல்தான். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதும்போது நான் எழுந்து எழுந்து நடப்பது அதனால்தான். மேட்டில் வேலை செய்யும்போது பாதி நாள் இடது காலும் மேட்டில் இருக்க வேண்டும். இது கேட்பதற்கு எளிது. செய்து பாருங்கள், இடது கையில் சோறு தின்ற மாதிரி இருக்கும்.

வானம் அதற்குள் கறுக்க ஆரம்பித்துவிட்டது. ஜன்னலில் எதிர்மலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அந்தோணி போன் செய்தான்.

"மேஸ்திரி, மழை கிட்ட வந்திருச்சுங்க. நாங்களே கட்டிப்போடட்டுங்களா?"

"நான் பாக்காம ஒரு கல்லு வெக்கக் கூடாது" என்றேன். "தார்ப்பாய இழுத்துக் கட்டு. நான் வந்தர்றேன்."

கலாமணி என் கையிலிருந்து போனை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்கு. பிடுங்கினாள். "அந்தோணி, இவரு இங்க குமிழி ஓட்டட்டும். நீங்க செவுத்தக் கட்டுங்க" என்று சொல்லி அணைத்துவிட்டாள்.

"சாய்வு தப்பிப்போச்சுன்னா?" என்றேன்.

"மண்ணு வந்துச்சுன்னா?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் காலையில் வந்து சோற்றை வைத்துவிட்டு உடனே கிளம்பிவிடுவாள். சாக்ஸை நானே மாட்டப் பழகிக்கொண்டேன். வேலை எவ்வளவு தூரம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு நாள் ரசம் ஊற்றும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் வெள்ளை பூத்து வெடித்திருந்தது. சிமெண்ட்டில் கைவைத்தவர்களுக்கு அப்படி ஆகும். கலவை கொட்ட ஆள் போதவில்லை போலிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவு என்று மட்டும் சொன்னேன். "தடவிட்டுத்தான் இருக்கறனுங்க" என்றாள்.

இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தபோது படியை நானே இறங்கினேன். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினேன். பின்பக்கம் போனேன். சுவர் எழும்பியிருந்தது. ஓட்டுக்கூரை உயரத்துக்கு, மேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் வடியக் குழாய்த் துண்டுகள் வைத்து, முழுச் சுவர். அந்தோணி தலையைச் சொறிந்துகொண்டு தள்ளி நின்றான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வந்தும் வேலை செய்திருக்கிறார்கள்.

தொட்டுப் பார்த்தேன். சாய்வு சரியாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஏணியில் அந்தோணியை ஏற்றி, மேல் வரிசையில் ரசமட்டத்தை வைக்கச் சொன்னேன்.

"எங்க நிக்குது?"

"கொஞ்சம் இந்தப் பக்கமாப் போகுதுங்க மேஸ்திரி."

"எவ்வளவு?"

"கோட்டத் தாண்டீருச்சுங்க. மழையப் பாத்து அவசரத்துல..."

"நாளைக்குக் கடப்பாரை எடுத்துட்டு வா. மேல் வரிசைய மட்டும் பிரிச்சுத் திருப்பி வெச்சுப்போடலாம்" என்றேன். கலாமணி பக்கத்தில்தான் நின்றாள். கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானமே மழை இறங்கியது. தூறல், சாரல் எதுவும் இல்லாமல் எடுத்த எடுப்பில் கொட்டியது. நான் படுக்கையறைத் தரையில் வயிற்றின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஓட்டின்மேல் விழுந்த சத்தம் கேட்டு ரசமட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். துள்ளி எழ முடியாது. ஷெரின் சொல்லிக் கொடுத்தபடி ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, மெதுவாகத்தான் எழ முடியும். எழுந்து முடிப்பதற்குள் அடுப்படி போய்விட்டதாக மூன்று தடவை நினைத்துவிட்டேன். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

சுவரில் வைத்திருந்த குழாய்களில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முதலில் செம்மண்ணாக, பிறகு டீத்தண்ணி நிறத்தில். எல்லாக் குழாயிலும் வடிந்தது. மேட்டுக்குள் தண்ணீர் தேங்கவில்லை என்று அர்த்தம். சுவர் அசையவில்லை. நான் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியாது. மாற்றி நிற்க மறந்து கால் மரத்துவிட்டது.

அப்போது கேஸ் லைட்டரின் சத்தம் கேட்டது. முன்னறையிலிருந்து கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். முன்னறை மேஜை காலியாக இருந்தது. இத்தனை மாசம் அடுப்பு இருந்த இடத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை மட்டும். ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். பின்கதவு விரியத் திறந்திருந்தது. கதவுக்கு வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சுவர், சுவரில் வடிகிற தண்ணீர். கலாமணி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாணலியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள்.

"செவுரு எழும்பற வரைக்கும் கால் வெக்க மாட்டேன்னு சொன்னியே?" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"எழும்பீருச்சல்லங்க?" என்றாள், திரும்பாமலே. "நீங்கதான் எழுப்போணும்னு நான் எப்பச் சொன்னேன்?"

கடுகு வெடித்து அடங்கியது. பிறகு, "கீழ்த்தட்டுல இருந்து அந்தக் கிண்ணத்த எடுங்க. குனிஞ்சு எடுக்காதீங்க, மடங்கி எடுங்க" என்றாள்.

பிட்டத்தைப் பின்னால் தள்ளி, தொடையில் மடிந்து, கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். வலித்தது, கொஞ்சம்தான். மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்த அந்தோணியை, டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.